ஸ்ரமமாக்கும்

டியூஷன் எடுப்பதற்கு முதல் தகுதி, வேறு வேலை எதுவும் இல்லாமலிருப்பது. அந்தத் தகுதி என்னிடம் ஏராளமாக இருந்தது. கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, சர்க்கார் வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைகளை ஒன்றுவிடாமல் எழுதி, ஒவ்வொரு ராங்க் லிஸ்டும் என் பெயருக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். மலையாள நாட்டுத் தமிழ் அக்கிரகாரமான வலியசாலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்று நான் சொல்கிறேன். பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று விசாரிக்காமலிருப்பது எனக்கு நல்லது.

உண்மையில் பாடம் நடத்துவதைவிட ஊக்கம் கொடுப்பதில்தான் எனக்கு மோகம். மாணவர்களை எப்படித் தட்டி எழுப்புவது என்று சொல்லும் வீடியோக்களைக் கட்டிலில் படுத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பார்ப்பேன். அம்மா வாசற்படியில் நின்று ஒருநாள் கேட்டாள்: "ஒன்னை மோட்டிவேட் பண்ணறதுக்கு ஒரு ஆளைக் கூட்டிண்டு வாடா மொதல்ல. பி.எஸ்.சி. புஸ்தகம் எலி கடிச்சாக்கூட ஒனக்குத் தெரியாது, கேட்டியா?" நான் போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, முக்கியமான அழைப்பில் இருப்பதுபோல நடித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் கரமனையிலிருந்து ஒரு பத்தாம் வகுப்புப் பெண் வந்து சேர்ந்தாள். அவள் அம்மா திருநெல்வேலிக்காரர். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் வேலை. இங்கே மாற்றலாகி வந்து வருஷக்கணக்காகிறது. அப்பா வளைகுடாவில். பெண் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கேதான் படிக்கிறாள், மலையாளம் மீடியம். அம்மா தமிழில் கேட்டால் பாதி மலையாளத்தில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் முழு மலையாளம்.

"சார், கணக்கச் சொல்லிக்குடுங்க. ஆனா தமிழ்லயே பேசுங்க," என்றார் அந்த அம்மா முதல் நாளே. "இவளுக்குத் தமிழ் தேஞ்சுக்கிட்டே வருது. நாளைக்கு ஊருக்குப் போயிட்டா இவ யாருகூடப் பேசுவா?"

ஊருக்குப் போவது சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. பாளையங்கோட்டைக்கு மாற்றல் தயாராக இருந்தது. சரியென்று எழுதிக்கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. பெண்ணோ, தோழிகளோடு இங்கேயே பிளஸ் ஒன் சேரவேண்டும், சயின்ஸ் எடுக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மற்றப் பாடங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கு மட்டும் கடைசி கிரேடுகளில் உருண்டுகொண்டிருந்தது.

"ஜனவரி கடைசிக்குள்ள நான் ஆபீசுல பதில் சொல்லணும். இவளுக்கு சயின்ஸ் கிடைக்கும்னா இருப்போம். கிடைக்காதுன்னா இங்க கெடந்து என்ன செய்ய? நீங்க பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க சார்," என்றார். பெண் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சத்தம் வராமல் 'ப்ளீஸ்' என்று வாயசைத்தாள். ஒரு வீடு எந்த ஊரில் இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கிற பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்! எனக்கு மார்பு விம்மிப்போயிற்று. சாயங்காலம் என்ன சட்டை போடுவது என்பதையே அம்மாவிடம் கேட்கிறவன் நான்.

உடனே என் வித்தைகளையெல்லாம் இறக்கினேன். முதலில் நட்சத்திர ஸ்டிக்கர். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒவ்வொரு சரியான விடைக்கும் ஒரு தங்க நட்சத்திரம். அவள் அவற்றை மரியாதையாக வாங்கித் தன் போன் உறையில் ஒட்டிக்கொண்டாள். அடுத்து, இருபத்தைந்து நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் ஓய்வு. அடுக்களையிலிருந்து அம்மாவின் டைமரை எடுத்துவந்து முடுக்கிவிட்டு, அவள் கணக்குப் போடட்டும் என்று நாற்காலியில் சாய்ந்தேன். மணி அடித்தபோது நான்தான் திடுக்கிட்டு எழுந்தேன். "சார் நல்ல உறக்கம். அதான் நான் மிண்டல," என்றாள். பேசாமல் இருந்ததைத்தான் அப்படிச் சொன்னாள், பரிதாபப்பட்டு.

பிறகு லட்சியப் பலகை. வாழ்க்கையில் என்னவாகப் போகிறாய் என்று பெரிய எழுத்தில் எழுது என்றேன். டாக்டர், எஞ்சினியர், குறைந்தபட்சம் கலெக்டர் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகுநேரம் யோசித்து மலையாளத்தில் 'இவிடெ' என்று எழுதினாள். இங்கே. லட்சியம் என்றால் ஒரு வேலையின் பெயரை எழுதவேண்டும் என்று நான் விளக்கம் சொன்னேன். மடையன், அவள் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வாள்?

மாணவரையே ஆசிரியராக்கிப் பாடம் நடத்தச் சொல்லும் முறையையும் விடவில்லை. மார்க்கரை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் தொண்டையைக் கனைத்து, பான்ட்டை இடுப்பில் ஒருமுறை ஏற்றிவிடுவதுபோல் பாவனை செய்து, "இது ரொம்ப ஸிம்பிளாக்கும். இதுகூடவா தெரியலை?" என்று ஆரம்பித்தாள். அச்சு அசலாக நானே. அன்றைய பாடமான வட்டத்தைப் பற்றி ஒன்றும் வரவில்லை. என்னைப் பற்றி எல்லாம் வந்தது. உள்ளே அம்மா சிரித்த சிரிப்பில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

இத்தனைக்கும் நடுவில் கணக்கும் நடந்தது. அவள் இரண்டாவது வரியில் தடுமாறும்போதே என் கை தானாகப் போய் பென்சிலைப் பிடுங்கிவிடும். நானே கடகடவென்று போட்டு முடித்து, புரிந்ததா என்பேன். "மனசிலாச்சு சாரே," என்பாள். தயவுசெய்து நிறுத்துங்கள் என்பதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் வார்த்தை அது. எனக்குத்தான் அது மனசிலாகவில்லை.

ஜனவரி வந்தது. ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தேன். தொடுகோடு, சமன்பாடு, எல்லாம் அரைகுறை. ஒவ்வொரு கணக்கும் நான் பென்சில் பிடுங்குகிற அதே இடத்தில் நின்றுபோயிருந்தது. அதை நான் கவனித்தேனா? அவளுக்கு வராது என்று முடிவு கட்டினேன். அன்று அந்த அம்மா போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

இங்கே எங்கள் தெருவின் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அக்கிரகாரத்தில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. பாயசம் வைக்கிற பெரிய உருளியை இரவல் கேட்டால், "அன்னிக்குக் கொஞ்சம் ஸ்ரமமாக்கும்" என்பார்கள். தரமாட்டார்கள் என்று அர்த்தம். பெண் கேட்டுப் போனால், "இப்போ ஸ்ரமமாக்கும்" என்பார்கள். ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வரவேண்டும். சிரமம் என்ற சொல்லை 'ஸ்ரமம்' என்று அழுத்தி, பின்னால் ஒரு 'ஆக்கும்' சேர்த்தால், எவ்வளவு பெரிய கதவையும் சத்தமில்லாமல் சாத்திவிடலாம். அந்த நாகரிகத்தில் வளர்ந்தவன் நான்.

ஆகவே மறுநாள் வகுப்பு முடிந்ததும், பலகையை அழிக்கிற சாக்கில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன்: "அம்மாகிட்டே சொல்லிடு. ஒனக்கு ஸயின்ஸ் கிடைக்கறது ஸ்ரமமாக்கும். ஸார் நன்னா யோஜிச்சுதான் சொன்னார்னு சொல்லு."

பின்னால் நோட்டை மூடுகிற சத்தம். பிறகு, "ஸ்ரமமா சாரே?" என்றாள்.

"ஆமா. ரொம்ப ஸ்ரமம்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன?" என்றேன் எரிச்சலோடு.

பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அழுதுகொண்டு ஓடுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. அதற்காக ஒன்றும் செய்யவில்லை. உள்ளே போய்க் காப்பி குடித்தேன். சர்க்கரை போதவில்லை என்று குறை வேறு சொன்னேன்.

அடுத்த நாள் நான் குளித்துத் துண்டோடு நிற்கும்போதே கேட்டைத் தட்டுகிற சத்தம். அந்தப் பெண், கையில் பழைய கேள்வித்தாள்களின் ஒரு கட்டு. முகம் முழுக்கப் பல். "சாரே, அம்மா இங்கேயே இருக்கலாம்னு சொல்லிட்டாங்க! டிரான்ஸ்பர் வேண்டான்னு எழுதிக்குடுத்துட்டாங்க!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முடியாது என்றுதானே சொல்லி அனுப்பினேன்? ஆனால் தற்பெருமைக்காரனுக்கு எதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். துண்டு காய்வதற்குள் எனக்கும் கிடைத்தது. நான் முடியாது என்றதும் அவளுக்கு ரோஷம் வந்திருக்கிறது! செய்துகாட்டுகிறேன் பார் என்று கிளம்பிவிட்டாள்! அதைப் பார்த்து அம்மாவும் மனம் மாறிவிட்டார்! ஆகா, எந்த வீடியோவிலும் இல்லாத முறை, என் சொந்தக் கண்டுபிடிப்பு. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. "பிள்ளைகளை உசுப்பிவிடணும்மா. ஒன்னால முடியாதுன்னு சொல்லணும். அப்பத்தான் பொங்கி எழும்," என்று என் அம்மாவுக்கு வகுப்பெடுத்தேன். "ஒங்கிட்டே நான் தெனமும் அதைத்தானே சொல்றேன், நீ எங்கே எழுந்தே?" என்றாள்.

கண்டுபிடிப்பைச் சோதிக்க இன்னொரு ஆளும் இருந்தான். எட்டாம் வகுப்புப் பையன், அப்பாவுக்கு ஐ.டி. வேலை, சென்னையிலிருந்து புதிதாக வந்த குடும்பம். பின்னத்தில் தடுமாறிக்கொண்டிருந்தவனை நிமிர்ந்து பார்த்து, "ஒனக்குக் கணக்கு வரது ரொம்ப ஸ்ரமம்டா," என்றேன், ரோஷம் பொங்குவதற்காகக் காத்துக்கொண்டு. கண்ணில் நீர்தான் பொங்கியது. "அப்ப நான் எதுக்கு சார் வரணும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. மறுநாளிலிருந்து வரவில்லை. அவன் அப்பா அனுப்பிய செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய இங்கிலீஷ். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இந்தப் பெண்ணோ தினமும் முன்கூட்டியே வந்தாள், தாமதமாகப் போனாள். தப்பாகப் போட்டதை முன்பெல்லாம் ரப்பரால் தேய்த்துக் காகிதத்தையே ஓட்டையாக்குவாள். இப்போது அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்தில் மறுபடி போட்டாள். ஒருநாள் ஒரு தொடுகோட்டுக் கணக்கில் நின்றாள். என் கை வழக்கம்போல பென்சிலுக்குப் போயிற்று. அவள் நோட்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தொடாதீங்க சாரே. நான் ஸ்ரமிக்கட்டே. ஸ்ரமம் மாத்திரம் மதி, அது போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? எப்போ?"

"அன்னைக்கு. ரொம்ப ஸ்ரமம்னு சொன்னீங்கல்லே. வேற ஒண்ணும் வேண்டாமான்னு கேட்டேன், வேற என்னன்னு கேட்டீங்க." குனிந்து பென்சிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஸ்கூல்ல எல்லாரும் கணக்குக்குப் புத்தி வேணும்னு சொல்வாங்க சாரே. அது எனக்கு இல்லன்னு நினைச்சுட்டிருந்தேன். ஆனா ஸ்ரமம்னா... அது எனக்குப் பண்ண முடியும்."

மலையாளத்தில் ஸ்ரமம் என்றால் முயற்சி. இது எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்; மலையாளத்தில் பேசும்போது 'நன்னாயிட்டு ஸ்ரமிக்கணும்' என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்! ஆனால் அந்த ஸ்ரமமும் எங்கள் வீட்டு ஸ்ரமமும் என் வாய்க்குள், ஒரே வீட்டில் முகம் பார்க்காமல் வாழ்கிற ஓரகத்திகள்போல இருந்திருக்கின்றன. நான் கதவைச் சாத்தினேன். அவள் காதில் அது திறக்கிற சத்தமாக விழுந்திருக்கிறது. முயற்சி போதும், வேறொன்றும் வேண்டாம், சார் நன்றாக யோசித்துத்தான் சொன்னார்! ரோஷமாம், உசுப்பலாம், சொந்தக் கண்டுபிடிப்பாம்! என்னை நானே ஒரு அறை விட்டுக்கொண்டிருப்பேன், அவள் எதிரில் இல்லாவிட்டால்.

அதற்கப்புறம்தான் நிஜமான பயம் பிடித்தது. இவள் இப்படிப் புரிந்துகொண்டு போய்ச் சொன்னதை நம்பித்தானே அந்த அம்மா மாற்றலை வேண்டாமென்று எழுதிக்கொடுத்திருக்கிறார்? நாளைக்கு கிரேடு வராவிட்டால் ஊரும் போயிற்று, சயின்ஸும் போயிற்று. இரண்டுமில்லாமல் நடுவில் நிற்பார்கள், என் வீட்டுத் தமிழால். உண்மையைச் சொல்லிவிடுவது என்று கரமனைக்குக் கிளம்பினேன். பாதி வழியிலிருக்கும் கிள்ளிப்பாலம் வரைக்கும் வீரமாக நடந்தேன். அங்கே எலுமிச்சை பிழிந்த ஒரு சோடா நாரங்கா குடித்தேன். குடித்ததும் தெளிவு வந்து திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சொல்ல வாயில்லாதவன் சொல்லிக்கொடுக்கவாவது வேண்டாமா? அன்றிலிருந்து முதல்முறையாக வேலை செய்தேன். ஸ்டிக்கர்களை அலமாரியில் பூட்டினேன். அவள் கணக்குப் போடும்போது என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். வேறு எப்படியும் அவை சும்மா இருப்பதில்லை. அவளுக்கு வருகிற கணக்கிலிருந்து ஆரம்பித்தேன், எனக்குப் பிடித்த கணக்கிலிருந்து அல்ல. நின்றுபோனால், விடையைச் சொல்லாமல், "இது வரைக்கும் எப்படி வந்தே?" என்று மட்டும் கேட்டேன். அவளே திரும்பி நடந்து போய்த் தப்பைக் கண்டுபிடிப்பாள். அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது இருக்கிறதே, அப்பப்பா, பி.எஸ்.சி.யே தேவலை. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, ஒன் சத்தத்தையே காணோம், ஒடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அம்மனுக்குப் பொங்கலிடுகிற பொங்காலைக்குத் தெருவெல்லாம் செங்கல் அடுக்கிய நாளில்கூட, அடுப்புகளைத் தாண்டித் தாண்டி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் வந்தாள். பிறகு பரீட்சை. கணக்குப் பரீட்சையன்று நான் விடியும் முன்பே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் சொந்தப் பரீட்சை எதற்கும் அப்படி எழுந்ததில்லை. ரிசல்ட் வந்தபோது கணக்கில் பி பிளஸ். அவள் அழைத்துச் சொன்னபோது கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். ஜூன் மழையில் பிளஸ் ஒன் அலாட்மென்டும் வந்தது. தோழிகள் சேர்ந்த அதே ஸ்கூல், சயின்ஸ்.

அந்த அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை சோடா குடிக்காமல் போனேன். பெண் உள்ளே புது யூனிபாரத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா காப்பியும் அல்வாவும் வைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தபின் வருகிற அந்தக் கேவலமான தைரியம் எனக்கும் வந்தது.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். ஜனவரியில நான் சொல்லி அனுப்பினது அவளுக்குத் தப்பாப் புரிஞ்சுடுத்து. ஸ்ரமம்னு நான் சொன்னது—"

"தெரியும்," என்றார்.

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எனக்குச் சிரமம்னா என்னன்னு தெரியாதா தம்பி?" அதுவரை சார் என்றவர், தம்பி என்றார். "எங்க வீட்ல கஷ்டம்னுதான் சொல்லுவோம், அதனால இவளுக்குத் தெரியாது. அன்னைக்கு டிரான்ஸ்பருக்குச் சரின்னு எழுதி மேசையில வச்சுட்டு, உங்க வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன். இவ செருப்பக்கூடக் கழட்டாம உள்ள ஓடி வாரா. 'அம்மா, ஸ்ரமம் மட்டும் போதுமாம், சார் சொல்லிட்டாரு'ன்னு குதிக்கா. நீங்க கைய விரிச்சுட்டீங்கன்னு எனக்கு அந்த நிமிஷமே புரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் அக்கா..."

"கணக்குன்னு சொன்னாலே மொகம் சுண்டிப் போற பிள்ள. மொத தடவையா சிரிச்சுக்கிட்டு நிக்கா. அவளப் பிடிச்சு உக்கார வச்சு, இல்லட்டி, அதுக்கு அர்த்தம் அதில்லன்னு சொல்லச் சொல்லுதீங்களா?" சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "எழுதி வச்சதக் கிழிச்சுப் போட்டேன். எனக்கும் பயந்தான், ராத்திரியெல்லாம் ஒறக்கமில்ல. ஆனா நீங்க சொன்னத நான் கேக்கல தம்பி. அவ காதுல விழுந்ததத்தான் கேட்டேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷமும் இருந்தது. அல்வாவை வாயில் போட்டுக்கொண்டேன், பேசவேண்டாமே என்று.

பெண் புது யூனிபாரத்தில் வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "எந்தா, என்ன பேசுறீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. நீ நல்லா ஸ்ரமிச்சேன்னு சார் சொல்லுதாரு," என்றார் அம்மா.

நிஜமா என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப," என்றேன். அவளைப் பற்றி நான் அதுவரை சொன்னவற்றில் உண்மையான வார்த்தை அது ஒன்றுதான்.